தடைக்காலம் தொடங்குமுன்: இராமநாதபுரம் கடற்கரைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என நீளும் நம் கடற்கரையின் விசைப்படகு, நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர்களுக்கும், படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளுக்கும், ஊர்க் கமிட்டியாருக்கும், ஜமாத்தாருக்கும், மகளிர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதற்கு முன் உங்கள் கூட்டம் கூடும். படகுப் பழுது, டீசல் மானியம், இலங்கைச் சிறையில் இருக்கும் நம் ஆட்கள் என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்கும். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரத்தைக் குடிப்பழக்கத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். குடியின் தீமை பற்றிய பேச்சு வேண்டாம். அதை எல்லோரும் கேட்டாயிற்று. பங்குக் காசை எந்த நேரத்தில், யார் கையில், எத்தனை தவணையாகக் கொடுப்பது, படகேறும் ஆளிடம் என்ன கேட்பது, வேலை இல்லாத எட்டு வாரத்தை வைத்தியத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பவற்றைப் பேசுங்கள். இந்தக் கடற்கரையில் குடிமீட்பு, மனநலப் பணி பார்க்கும் செவிலியர்களும் ஆலோசகர்களுமான எங்களால் இவற்றைச் செய்ய முடியாது. உங்களால் முடியும்.

‘அவனுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே கிடையாது’ என்று குடிப்பவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி புரிந்தால்தான் வழி தெரியும்.

பின்னால் வரப்போகும் காசை யார் மனமும் கொஞ்சம் குறைத்துத்தான் மதிக்கும். அந்தக் குறைப்புக்கு உளவியலில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஜேம்ஸ் மேசர் என்பவர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து 1987இல் வந்தது. காத்திருக்க வேண்டிய நாள்களை, ஒருவர் எவ்வளவு அவசரப்படுகிறார் என்பதைக் காட்டும் ஓர் அவசர எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதனால் வரப்போகும் தொகையை வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் அந்தத் தொகைக்கு மனம் இன்றைக்குத் தரும் மதிப்பு. இன்றே 500 ரூபாயா, 30 நாள் கழித்து 1,000 ரூபாயா என்று கேட்கிறோம். அவசர எண் 0.01 உள்ளவருக்கு அந்த 1,000 இன்றைக்கு 769 பெறும், காத்திருப்பார். அவசர எண் 0.1 உள்ளவருக்கு அதே 1,000 வெறும் 250 பெறும்; 500ஐ வாங்கிக்கொண்டு போவார். அவர் கணக்கில் அது லாபம். இந்த இரண்டு எண்களும் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. ஆனால் பழக்கத்துக்கு அடிமையானவர்களின் அவசரம் மற்றவர்களைவிட அதிகம் என்பது அபின் வகை, மது, சிகரெட் என்று ஒவ்வொன்றிலும் 1990களிலேயே அளந்து பார்க்கப்பட்டுவிட்டது.

இப்போது அதே இரண்டாவது ஆளிடம் கேள்வியை முழுவதுமாகத் தள்ளிவைத்துக் கேளுங்கள். 60 நாள் கழித்து 500ஆ, 90 நாள் கழித்து 1,000ஆ? நடுவில் இருப்பது அதே 30 நாள். கணக்குப்படி 500இன் மதிப்பு 71, 1,000இன் மதிப்பு 100. அவசர எண் துளியும் மாறவில்லை, ஆனால் இந்த முறை அவர் 1,000ஐ எடுக்கிறார்.

காலையில் பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர் சாயங்காலம் கடையில் நிற்பது இதனால்தான். காலையில் குப்பியும் தூரத்தில் இருந்தது, பிள்ளையின் படிப்பும் தூரத்தில் இருந்தது. இரண்டையும் சரியாக எடைபோட்டுத்தான் சொன்னார். சாயங்காலம் குப்பி பக்கத்தில் வந்துவிட்டது, படிப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கரையோரம் நிற்கும் வத்தை என்னும் சிறு படகு தூரத்துக் கப்பலை மறைத்துவிடுவது போல மறைத்துவிட்டது. சத்தியம் பொய்யில்லை, அவரைப் பொய்யர் என்று ஊர்க் கூட்டத்தில் நிறுத்துவதால் ஒன்றும் நடக்கப்போவதில்லை. குப்பி தூரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரை முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். அந்த முடிவு, குப்பி பக்கத்தில் வரும் நேரத்தில் உடைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இந்த மடலில் நாங்கள் கேட்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 1998இல் நான்சி பெட்ரி, வாரன் பிக்கல் முதலானோர் ஹெராயின் பழகியவர்களிடமும் பழகாதவர்களிடமும் ஒரு கதையின் தொடக்கத்தைக் கொடுத்தார்கள். காலையில் கண்விழித்த ஒருவர் தன் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார், மேலே நீங்கள் சொல்லுங்கள் என்று. பழக்கம் இல்லாதவர்களின் கதை சராசரியாக 4.7 ஆண்டு முன்னே போனது. ஹெராயின் பழகியவர்களின் கதை 9 நாளில் நின்றுவிட்டது. பிறகு 2002இல் வந்த இன்னொரு ஆய்வில், அபின் வகைக்குப் பழகியவர்கள் மருந்து கிடைக்காமல் லேசாகத் தவிக்கும்போது அவர்களின் அவசரம் மேலும் கூடுவது தெரிந்தது. தவிப்பில் இருப்பவரிடம் புத்தி சொல்வது, அவருக்குக் காது மிகவும் மந்தமாக இருக்கும் நேரத்தில் பேசுவது. பத்து ஆண்டு கழித்துக் கல்லீரல் சுருங்கும் என்று படம் ஒட்டுவதும் அப்படித்தான். அவர் அதை நம்பாமல் இல்லை. அந்தப் பத்து ஆண்டுக்கு அவர் மனத்தில் எடை இல்லை. சுவரொட்டிக்கு ஆகும் செலவை வேறு நல்ல காரியத்துக்குத் திருப்பலாம் என்பது எங்கள் கருத்து.

எல்லாப் பழியையும் குடிமேல் போடுவது நியாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாளைய மீன்பாடு யார் கையிலும் இல்லை. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்குமா, காற்று விடுமா, படகு முழுசாகத் திரும்புமா என்பதே தெரியாத தொழிலில், கையில் கிடைத்ததை இன்றே செலவழிப்பது ஒருவகையில் புத்திசாலித்தனம்தான். சொன்ன நாளில் சொன்ன காசு வராத ஊரில் பொறுமையாக இருக்கச் சொல்வது எடுபடாது. ஆகவே சங்கம் ஒரு தேதியைச் சொன்னால் அந்தத் தேதியில் காசு வர வேண்டும். இதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

முதலில் உயிர்ப் பிரச்சினை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் கடையில் கிடைக்கும் பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். மோரோ, எலுமிச்சைச் சாறோ, தலைக்குக் குளிப்பதோ இந்த வேகத்தைக் கூட்டாது. இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவரின் இரத்தம் தெளிய விடியற்காலை மூன்றரை முதல் ஆறு மணி வரை ஆகும். இரண்டு குவார்ட்டர் என்றால் மறுநாள் பிற்பகல் வரைகூட இழுக்கும். அந்த ஆள்தான் காலையில் வலை இழுக்கும் வின்ச்சுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து குடிக்காத நேரத்தில் இருக்கிறது. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வரும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி தெரியும், இருக்கும் இடம் தெரியாது, காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போகலாம். காலையில் கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும் விசைப்படகில், முந்தின இரவோடு குடியை நிறுத்திய ஆளுக்கு வலிப்பு வரக்கூடிய நேரத்தின் பெரும்பகுதி கடலிலேயே கழிகிறது.

டிரைவரோ சம்மாட்டியோ படகேறும் முன் மூன்று கேள்வி கேட்டால் போதும். கடைசியாக எப்போது குடித்தீர்கள்? காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குமா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாதது தெரிந்ததா? மூன்றாவதற்கு ஆம் என்றாலும், கேட்கும்போதே கை நடுங்கினாலும் அவர் அன்று ஏறக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. அன்றைய கூலி போய்விடும் என்று தெரிந்தால் எல்லோரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். உண்மையைச் சொல்லி இறங்கியவருக்கு அன்றைய படிக்காசு உண்டு என்று சங்கம் முன்பே தீர்மானம் போட்டால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பயன்.

கடலில் வலிப்பு வந்துவிட்டால் வின்ச், கயிறு, படகின் ஓரம் மூன்றிலிருந்தும் இழுத்து நடுவில் கிடத்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நின்று மறுபடி வந்தாலும் வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். கடலோரக் காவல்படையை 1554இல் கூப்பிடுங்கள்.

ஊர்க் கட்டுப்பாடு போட்டு ஒரே நாளில் எல்லோரும் குடியை நிறுத்தச் சொல்லும் ஊர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 2020 ஊரடங்கில் கடைகளைத் திடீரென்று மூடியபோது என்ன நடந்தது என்று பார்த்தோம். நடுக்கம் தாங்காமல் கண்டதையும் குடித்து நம் பக்கத்து மாவட்டக் கடற்கரையிலேயே உயிர்கள் போயின. காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்களை முதலில் கணக்கெடுத்து, அவர்களுக்கு மட்டுமாவது மருத்துவமனையில் 5 முதல் 10 நாள் மருந்தோடு நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டுக் கட்டுப்பாடு போடுங்கள். அங்கே குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி வையுங்கள். மயங்கிக் கிடக்கும் குடிகாரருக்கு உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் வழக்கம் நம் ஊர் சின்ன கிளினிக்குகளில் இருக்கிறது. வைட்டமின் பி1 ஆன தயமின் ஊசியை முதலில் போட வேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதித்து, நினைவு நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

இனிக் காசு. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையால் வாரத்தில் மூன்று நான்கு தடவை கையில் ரொக்கம் விழுகிறது. கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. காலையில் கரைக்கு வந்த படகின் கணக்கைச் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து முடித்தால், மேலே சொன்ன 500 ரூபாய்க் கேள்வியை மிகவும் மோசமான நேரத்தில், மிகவும் மோசமான இடத்தில் கேட்டதாகிவிடும். காலை 11 மணிக்குள் சங்க அலுவலகத்தில் கணக்கை முடியுங்கள். இறால் விலை அதற்குள் முடிவாகவில்லை என்றால் பாக்கியை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள், சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். பேட்டாவோடு குப்பியும் கொடுக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்துவது சம்மாட்டிகளால் ஒரே நாளில் முடியும்.

விருப்பமுள்ளவரிடம் ஓர் ஒப்புதல் தாள் வாங்கிக்கொள்ளலாம். மூன்று வரிதான்: ‘என் பங்கில் 300 ரூபாயை மட்டும் கையில் கொடுங்கள். மீதியை இந்தக் கணக்கில் போடுங்கள். இதை மாற்றச் சொல்லி நான் எழுதிக்கொடுத்தால், கொடுத்த தேதியிலிருந்து ஏழு நாள் கழித்து மாற்றுங்கள்.’ உயிர் அந்த மூன்றாவது வரியில்தான் இருக்கிறது. சாயங்காலத் தவிப்பில் வந்து சண்டை போட்டாலும், மாற்றம் அடுத்த வாரம்தான் நடக்கும். அடுத்த வாரத்துக்கான முடிவு என்று வந்துவிட்டால் மனம் மறுபடி சரியாக எடை போடத் தொடங்கிவிடும். மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தவர்களே அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதுண்டு. இந்தத் தாளை வாங்க வேண்டிய நேரம் நல்ல தெளிவில் இருக்கும் காலை நேரம். கட்டாயப்படுத்தி வாங்கினால் இரண்டாம் வாரமே வேறு படகுக்குப் போய்விடுவார்.

கணக்கு எது என்பதிலும் கவனம் வேண்டும். போனில் யுபிஐ இருந்தால் வங்கியில் போட்டதும் கையில் கொடுத்ததும் ஒன்றுதான். ஏடிஎம் அட்டை வாங்காத, போனில் இணைக்காத அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு நல்லது. ‘பொண்டாட்டி கையில் கொடுத்துவிடு’ என்று ஊரில் சுலபமாகச் சொல்கிறார்கள். கணவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அன்றிரவு அடி வாங்குவது அந்தப் பெண்தான். மனைவியைக் காவல்காரியாக்கும் எந்தத் திட்டத்துக்கும் நாங்கள் உடன்பட மாட்டோம். காசைத் தடுத்து வைப்பது சங்கத்தின் விதியாக இருக்கட்டும். கோபமும் சங்கத்தின் மேலேயே வரட்டும்.

அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500ஆகத் தருகிறது. போட்டதுபோல மூன்று மடங்கு. இதிலேயே சேராமல் போகிறவர்களும் நடுவில் விடுகிறவர்களும் பெரும்பாலும் குடியில் இருப்பவர்கள்தான். மொத்தமாக 1,500 எடுத்து வைப்பது அவர்களால் ஆகாது. ஒவ்வொரு கணக்கு முடிக்கும்போதும் 15 ரூபாய் பிடித்தால், மாதம் 12 பாடு (கடலுக்குப் போய்வரும் தடவை) வீதம் ஒன்பது மாதத்தில் 1,620 சேர்ந்துவிடும். தடைக்கால நிவாரணம் 8,000 மொத்தமாகக் கணக்கில் விழும் வாரம் எங்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான வாரம். விருப்பமுள்ள குடும்பங்களுக்கு மகளிர் குழு அதை வாங்கி வைத்து, எட்டு வாரம் வாரம் 1,000ஆகக் கொடுக்கலாம். தடைக்காலத்தில் கொடுக்கும் முன்பணத்தையும் சம்மாட்டிகள் அப்படியே பிரித்துக் கொடுக்கலாம். மொத்தமாகக் கொடுத்த முன்பணம் மே முதல் வாரத்தில் தீர்ந்து, பிறகு அன்றாடம் வசூலிக்கும் தண்டல்காரரிடம் கடனுக்குப் போய் நிற்க வேண்டிவரும்.

குடிக்காமல் இருப்பதால் வரும் பலன் எல்லாமே தாமதமாக வருகிறது. குடியின் பலன் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. இதைச் சமன்செய்ய ஒரு முறை இருக்கிறது, நன்றாகச் சோதித்துப் பார்த்தது. குடிக்காமல் வந்தவருக்கு அங்கேயே, அப்போதே ஒரு சின்னப் பரிசு. நான்சி பெட்ரி 2000இல் மதுவுக்கு அடிமையான 42 பேரிடம் எட்டு வாரம் செய்து பார்த்தார். வழக்கமான வைத்தியத்தில் கடைசிவரை நின்றவர்கள் 22 சதவீதம். பரிசுக் குலுக்கலும் சேர்ந்த பிரிவில் 84 சதவீதம். எட்டு வாரம் என்பது ஏறக்குறைய நம் தடைக்காலத்தின் நீளம்தான்.

ஒரு பானையில் 100 சீட்டு. 50இல் ‘நன்று’ என்று மட்டும் எழுதியிருக்கும். 40இல் 20 ரூபாய்ப் பொருள், 9இல் 100 ரூபாய்ப் பொருள், ஒன்றில் 1,000 ரூபாய்ப் பொருள். வாரம் இரண்டு முறை மூச்சுக் கருவியில் ஊதிப் பார்க்க வேண்டும். முதல் முறை சுத்தமாக இருந்தால் ஒரு சீட்டு, அடுத்த முறை இரண்டு, இப்படி ஐந்து வரை ஏறி அங்கேயே நிற்கும். 16 முறையும் சுத்தமாக வந்தவர் 70 சீட்டு எடுப்பார். ஒரு சீட்டின் சராசரிச் செலவு 27 ரூபாய், ஆகவே ஓர் ஆளுக்கு 1,890. இருபது பேருக்கு 37,800. ஓர் ஊரால் தாங்க முடியாத தொகை இல்லை. பொருளாகவே கொடுங்கள்: அரிசி, பள்ளி நோட்டு, வலை நூல், சோப்பு. ரொக்கம் கூடாது.

இது கெடும் இடங்களும் தெரிந்தவைதான். பரிசை மாதக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தால் வேலை செய்யாது. அதுவும் தூரத்துக் கப்பலாகிவிடும். எந்தக் கிழமை ஊத வேண்டும் என்று முன்பே தெரிந்தால் முந்தின நாள் மட்டும் நிறுத்திவிட்டு வருவார்கள், ஏனென்றால் ஒரு குவார்ட்டரின் தடம் ஒன்பது மணி நேரத்தில் மூச்சிலிருந்து போய்விடும். காலையில் போன் செய்து இரண்டு மணி நேரத்துக்குள் வரச் சொல்ல வேண்டும். சாப்பிட்டோ வாய் கொப்பளித்தோ 15 நிமிடம் ஆன பிறகே ஊத வேண்டும். ஆளுக்கு ஒரு புதுக் குழாய். ஊதியதில் குடி தெரிந்தால் ஒரு வார்த்தை திட்டக் கூடாது. அன்று சீட்டு இல்லை, அடுத்த முறை ஒன்றிலிருந்து தொடக்கம். மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். ஆன்லைன் சூதாட்டப் பழக்கம் உள்ளவரைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். குலுக்கல் முறையே வேண்டாம் என்று ஜமாத்தார் கருதினால், ஊதும்போதெல்லாம் 30 ரூபாயில் தொடங்கி ஏறும் பொருளாக நேராகவே கொடுக்கலாம். நடுக்கம் உள்ளவர் டாக்டரைப் பார்த்த பிறகுதான் இதில் சேர வேண்டும்.

காசு தொடாத வழி ஒன்றும் உண்டு. வரப்போகும் நாளைக் கண்ணால் பார்ப்பது போல நினைத்துப் பார்க்கும்போது அவசரம் குறைகிறது என்று யான் பீட்டர்ஸ், கிறிஸ்டியன் பியூக்கல் 2010இல் காட்டினார்கள். ‘பிள்ளைகளின் எதிர்காலத்தை நினை’ என்று சொல்வதில் பார்க்க ஒன்றுமில்லை. அட்டையில் இப்படி எழுத வேண்டும்: ‘ஜூன் மாதம் தடை முடிந்து முதல் பாடு. விடியுமுன் ஜெட்டியில் நிற்கிறேன். புது வலையின் வாசனை. மச்சான் ஐஸ் ஏற்றுகிறான். தம்பி மகன் டார்ச் அடிக்கிறான். கை நடுங்காமல் கயிற்றை அவிழ்க்கிறேன்.’ ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்து நடக்கவிருப்பவை என நான்கு அட்டை. உண்மையில் நடக்கவிருக்கும் நல்ல காரியமாக இருக்க வேண்டும்: பள்ளி திறப்பு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கையின் வளைகாப்பு. ஆலோசகர் எழுதிக் கொடுத்தால் பயன் குறைவு. அவரே சொல்லி, அவர் குரலிலேயே போனில் பதிந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு முன் கேட்க வேண்டும். மாடி வீடு கட்டுவது போன்ற பெரிய கனவை எழுதினால் நாலாம் நாளே அட்டை குப்பைக்குப் போகும்.

மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பிலும் டீயிலும் கலக்குகிறார்கள். விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு அடைத்து இறக்கலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு 14 நாள் வரை அந்த ஆபத்து இருக்கிறது. சம்மதத்தோடு தினமும் காலையில் ஒருவர் முன்னிலையில் விழுங்கினால் அதே மாத்திரை நல்ல கருவி. காலையில் ஒருமுறை எடுத்த முடிவு சாயங்காலத்தையும் கட்டிப்போடுகிறது. கடையில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளைக் கலப்பதையும் விட்டுவிடுங்கள்.

கட்டிப்போடுவது என்று சொன்னோம், ஆளைச் சங்கிலியால் கட்டுவதை அல்ல. நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடுக்கிறது, மது போதைச் சார்ந்த மனநலக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இல்லாத, வீட்டாரைப் பார்க்கவிடாத ‘மீட்பு இல்லங்களுக்கு’ ஆள் அனுப்பாதீர்கள். அதே சட்டத்தில் நல்லதொரு வழியும் இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே, பின்னால் புத்தி தடுமாறினால் எனக்கு என்ன வைத்தியம் வேண்டும், என்ன வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவர் எழுதிவைக்கலாம். இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகவும் குறைவு.

கடைசியாக இளைஞர்கள். அக்கரையான இலங்கைக்குக் கஞ்சாவும் மாத்திரையும் கடத்த இரவில் ஆள் தேடுகிறவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று கவனித்தால் தெரியும்: பழக்கமும் உள்ள, மறுநாள் கட்ட வேண்டிய கடனும் உள்ள பையனை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. அந்தப் பத்து ஆண்டு அவன் மனத்தில் எவ்வளவு சிறுத்துத் தெரியும் என்பதை மேலே பார்த்தோம். கூலியோ இன்றிரவே கையில். தண்டனையைப் பற்றிய வகுப்பைவிட, அன்றைக்கே 5,000 ரூபாய் வரை கொடுக்கும் ஓர் அவசர நிதி அவனைக் காப்பாற்றும். காசை அவன் கையில் கொடுக்காமல் கடன்காரரிடம் நேராகக் கட்டுங்கள். தவணையைப் பங்கில் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பத்து நாள் கழித்துக் கிடைக்கும் கடனால் அவனுக்குப் பிரயோசனம் இல்லை.

பேச விரும்பும் யாரும் போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416 எண்களில் கட்டணமில்லாமல் பேசலாம். இவற்றை ஜெட்டியிலும் ஐஸ் கம்பெனிச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒப்புதல் தாள், படகேறும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள், சீட்டுக் கணக்கு மூன்றையும் ஒரே பக்கமாக அச்சடித்து உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். கூட்டத் தேதியைச் சொல்லுங்கள். காலையில் குடிக்காமல் கை நிற்காதவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்பதை மார்ச் கடைசிக்குள் தெரிவித்தால், ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குத் தேவையான படுக்கைகளைப் பற்றி மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் குடிமீட்பு, மனநலப் பணியாற்றும் செவிலியர்கள், ஆலோசகர்கள்